கம்பளைச் சாலையில் கபிரியேல்

இலங்கை மலைநாட்டுக் கம்பளையில் வண்டிப்பட்டறை வைத்திருந்த கபிரியேலுக்கு அப்போது நாற்பது வயது. ரயில் கம்பளைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. மலைத்தோட்டங்களிலிருந்து கோப்பி மூட்டைகளை மாட்டுவண்டிகளே இறக்கி வந்தன. அந்தச் சக்கரங்களுக்கு ஆரக்கால் மாற்றுவதும், இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றுவதும் அவர் வேலை. கார்த்திகை, மார்கழியில் கோப்பி பழுத்துவிட்டால் பட்டறை வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்.

அப்படி ஒரு கார்த்திகையில் அவர் மனைவி சூசையம்மா நிறைமாதமாக இருந்தாள். இதற்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகளும் பிறந்த அன்றே போய்விட்டன. இந்த முறை, பேராதனையில் இருந்த அக்காள் றோஸ் கூண்டு வண்டியோடு வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். றோஸ் கோப்பி ஸ்டோரில் கொட்டை பொறுக்குகிறவள். பிரசவம் பார்ப்பதில் கைராசிக்காரி என்றும் பெயர் எடுத்திருந்தாள்.

"வேலையப் போட்டுட்டு நீங்க வர வேணாம் மாப்ள. ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கபிரியேல் எட்டு மைலுக்கு மேல் நடந்து போனார். சூசையம்மா சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை. அவர் புறப்படும்போது சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டவள், உடனே விரலை விட்டுவிட்டாள். "இல்ல, சும்மாதான் கேட்டேன். போய்ட்டு வாங்க."

அந்தக் கேள்வி வழி முழுக்க அவர் கூடவே வந்தது.

பட்டறையில் ஒரு விசித்திரமான வண்டி கிடந்தது. மேல்மலைத் தோட்டத்துத் துரை கப்பலில் வரவழைத்தது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மரச்சக்கரங்கள், நடுவே ஒரு தோல் ஆசனம், முன் சக்கரத்தைச் சுற்றுவதற்கு இரண்டு மிதி. இறக்கத்தில் பாறையில் மோதி முன் சக்கரம் சிதறிப்போயிருந்தது. கபிரியேல் அதற்குப் புது ஆரக்கால் போட்டு, பட்டை ஏற்றி முடித்தார். துரை பார்க்க வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"ஓட்டிப் பாக்காம சரியா இருக்கான்னு சொல்ல முடியாதுங்க தொரை."

துரை சிரித்தார். "நான் கொழும்புல இருந்து வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் நல்லா ஓட்டிப் பாரு."

மூன்று சாயங்காலம் ஆற்றோரத்தில் விழுந்து விழுந்து எழுந்தார். துணி துவைக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நான்காம் நாள் விடியுமுன்னே பேராதனைக்குக் கிளம்பிவிட்டார்.

மகாவலி ஆறு பாதையை ஒட்டியே ஓடியது. மூங்கில் புதர்களுக்கு நடுவே பனி கலையாமல் நின்றது. தோட்டங்களில் கோப்பிப் பழத்தோல் கழுவிவிட்ட தண்ணீரின் புளித்த வாடை சிற்றோடைகளில் வந்தது. ஹந்தானை மலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் ஏறும்போது, ஆற்றின் ஒரு பக்கம் வெள்ளையாகவும் மறுபக்கம் கறுப்பாகவும் இருந்தது. இருபது வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்தும் ஒரு நாளும் இதையெல்லாம் நின்று பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. இரும்புப் பட்டை கல்லில் அடித்து, எலும்பெல்லாம் ஆடியது. எதிரே மாட்டுவண்டி வந்தால் மாடுகள் மிரளும். இறங்கி ஓரமாக உருட்டிக்கொண்டு போவார்.

சூசையம்மா வாசலுக்கு வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இதுலயா வந்தீங்க? விழுந்தீங்கன்னா?"

"விழுந்துட்டுத்தான் வர்றேன்" என்றார் கபிரியேல்.

அன்று அவள் சிரித்தாள். அவர் இருந்த அரைமணி நேரத்தில் ஒரு கோப்பை கஞ்சியும் குடித்தாள். பட்டறை திறக்கிற நேரத்துக்கெல்லாம் அவர் கம்பளைக்குத் திரும்பிவிட்டார். மறுநாளும் போனார். மூன்று வாரம் ஒரு நாள் விடாமல் போனார்.

பிறகு மழை பிடித்தது. நனைந்துகொண்டே போனார். இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, மூன்றாம் நாள் காலை வழியில் கெலிஓயா என்ற கிளையாற்றின் மரப்பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தருகே கடை வைத்திருந்த பாயிஸ் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார்.

"தண்ணி இடுப்பளவு ஈக்கி. இண்டைக்கு வாணாம், திரும்பிப் போங்க."

"அவ பாத்துக்கிட்டே இருப்பா, பாயிஸ் நாநா."

பாயிஸ் அவர் முகத்தைப் பார்த்தார். கடைக்குள் போய் ஒரு நீளக் கயிற்றை எடுத்து வந்து, ஒரு நுனியை அவர் இடுப்பிலும் மறுநுனியைப் பலா மரத்திலும் கட்டினார். "வண்டி இங்கன நிக்கட்டும். மெதுவாப் போங்க." கைப்பிடிக் கட்டையைப் பற்றிக்கொண்டு கபிரியேல் அடி அடியாக அக்கரை சேர்ந்தார். கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மீதி வழியைப் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகக் கடந்தார்.

வாசலில் றோஸ் கைகழுவிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"பொம்பளப் புள்ள. விடியக்காலம் பொறந்துச்சு. அழுத அழுகையில கூரையே பறந்திருக்கும்" என்றாள் றோஸ். "உள்ள போங்க மாப்ள. மொதல்ல அந்தச் சேத்தக் கழுவுங்க."

சூசையம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் திறந்தாள்.

"தெனமும் கல்லுல கடகடன்னு சத்தம் கேக்கும். இன்னைக்கு கேக்கவே இல்ல. வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டார். சூடாக இருந்தது. பிறகுதான் அழுதார்.

மாதக் கடைசியில் துரை வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு நல்ல வேலை என்றார். கபிரியேல் அதன்பிறகு அப்படி ஒரு வண்டியில் ஏறவே இல்லை. ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

நாற்பது நாள் கழித்து, தனக்குத் தெரிந்த ஒருவரின் மாட்டுவண்டியில் மனைவியையும் மகளையும் அழைத்து வந்தார். போகும்போது கூண்டுக்குள் படுத்தே போனவள் சூசையம்மா. இப்போது முன்பக்கம் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாலம் தாண்டியது, பாயிஸ் கடை தாண்டியது, மூங்கில் காடு வந்தது. இன்னும் கம்பளை வரவில்லை.

"இம்புட்டுத் தூரமா தெனம் வந்தீங்க?" என்றாள்.

"ஆத்தப் பாத்துக்கிட்டே வந்தா தூரம் தெரியாது."

அவள் ஆற்றுப் பக்கம் திரும்பினாள். பிறகு வண்டியை நிறுத்தச் சொன்னாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, தண்ணீர் நன்றாகத் தெரிகிற இடம்வரை போய் நின்றாள். கபிரியேலும் பின்னால் போனார். பின்னே வந்துகொண்டிருந்த கோப்பி வண்டிக்காரர் வழிவிடச் சொல்லிச் சத்தம் போட்டார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றார் கபிரியேல். "இப்ப வந்துர்றோம்."