தாலாட்டுக்குள் கேட்ட அலறல்

கொழும்பு வெள்ளவத்தையில் என் ஃபிளாட்டில் நானே பாடிப் பதிவு செய்த பாட்டுகள் ஒன்று உரக்கவும் ஒன்று மெதுவாகவும் ஒலித்தன. எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரக் கொட்டாஞ்சேனையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த ஒருவரிடம் போனேன். மெலிந்த, அதிகம் கதைக்காத மனிதர். ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் பாட்டுக் கேட்பார்.

தாலாட்டு மிக மெதுவாக இருந்தது. அவர் சத்தத்தைக் கூட்டியபோது என் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் அலறினாள். அடி விழும் ஓசையும் கேட்டது. ஹெட்போன் போட்டுப் பாடிய எனக்கு அன்று எதுவும் கேட்கவில்லை.

"ஆர் தம்பி இது?"

"பக்கத்து ஃபிளாட் அக்கா போல கிடக்கு, அண்ணை. புருசன் குடிகாரன்."

"வாரும், போவம்."

என் பக்கத்து ஃபிளாட் கதவை அண்ணை தட்டினார். திறந்த புருசனின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். விழுந்தவனை மிதித்தார். இரத்தம் தரையில் வழிந்தது. நான் இழுத்தும் அவர் விடவில்லை. முகம் கன்றிப்போயிருந்த அக்காதான் குறுக்கே விழுந்தார்.

"போதும் அண்ணை, செத்துப்போவார்!"

அண்ணை அவனை விட்டுவிட்டுப் படியிறங்கினார். அக்கா அன்றே தாய்வீடு போய்விட்டார்.

சில நாள் கழித்து அவரிடமிருந்து பாட்டுகள் வந்தன. தாலாட்டு மட்டும் இல்லை. ஏனென்று கேட்டேன்.

"அதைப் புதுசாப் பாடும் தம்பி. அந்தப் பொம்பிளைப் பிள்ளையின்ர சத்தத்தைக் குறைக்க என்னால ஏலாது."

அன்று அவர் யாரை நினைத்து அடித்தார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.