வெள்ளை அணுக்கள் குறைந்த வருஷம்

எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். என் கணவர் கூட்டேரிப்பட்டில் லாரி டயர் ரீட்ரெடிங் கடையில் இருந்தார். தேய்ந்த டயரைச் சுரண்டி, சொல்யூஷன் தடவி, புது ரப்பர் ஒட்டுகிற வேலை. அந்தச் சொல்யூஷனில் பென்சீன் கலந்திருக்கும். கையில் ஒட்டிய பிசுக்கைக் கழுவவும் அதையேதான் ஊற்றிக்கொள்வார்கள்.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு வாய்ப்புண் ஆறவேயில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. நானே ரத்தம் எடுத்து, சாயம் போட்டுப் பார்த்தேன். வெள்ளை அணுக்களைத் தேட வேண்டியிருந்தது. அதிலும் நோயை எதிர்க்கிற லிம்போசைட்டுகள் மிகக் குறைவு. ஒன்றிரண்டில் உட்கரு சுருங்கி, கருத்த மணிகளாக உடைந்திருந்தது. சாயம்தான் சரியில்லையோ என்று இன்னொரு ஸ்லைடு போட்டேன். அதிலும் அப்படித்தான்.

ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். பார்த்து முடித்ததும் அவர் முதலில் விசாரித்தது என் கணவரின் வேலையைப் பற்றி. ஒவ்வொரு அணுவுக்குள்ளும் தன்னையே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதாம். வேண்டாத அணுக்களை உடம்பு அப்படித்தான் கழிக்கிறது. சில ரசாயனங்கள் நல்ல அணுக்களிலும் அதைத் தூண்டிவிடும். அணு வெடித்துச் செத்தால் வீக்கமும் வலியும் வரும். இப்படிச் சுருங்கித் துண்டானால் பக்கத்து அணுக்களே விழுங்கிவிடும், வெளியே தெரியாது என்றார். இவருக்கும் அதுதான் நடக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இனி சொல்யூஷன் பக்கமே போகக்கூடாது என்றும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் என் கணவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வாய்ப்புண்ணத் தவிர எனக்கு ஒரு வலியும் இல்ல. கடையில எல்லாரும் அதத்தான் மோந்துகினு இருக்கறோம். நீ ஏன் பேஜாரு பண்றே?"

"வலிக்காததுதாங்க எனக்கு பயமா இருக்குது," என்றேன்.

மறுநாள் அவர் கடைக்குப் போகவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு, மயிலம் பக்கம் மல்லாட்டைத் தோலை உடைத்துக் கடலை எடுக்கும் மிஷினில் சேர்ந்தார். அந்த வேலை அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

மாதாமாதம் ரத்தம் பார்த்தேன். அணுக்கள் மெல்ல ஏறின. கோடைக்குள் வாய்ப்புண் ஆறியது. லிம்போசைட் மட்டும் பழைய அளவுக்கு வரவேயில்லை.

கடையில் கூட இருந்தவர்களையும் பரிசோதனைக்கு வரச் சொல்லி அவரிடமே சொல்லியனுப்பினேன். ஒருவர் மட்டும் வந்தார். அவருக்கும் குறைவாகவே இருந்தது. என் கணவர் மிஷினுக்கு லீவு போட்டு, அவரை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனார்.