ஷர்மிளா அவிழ்த்த துண்டு

என் மருமகள் ஷர்மிளாவிடம் அவள் பிள்ளையால் முடியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. சொன்னால், மீன் வெட்டுகிற கத்தியோடு நிமிர்ந்து பார்ப்பாள். கீழ்க்கட்டளை ரோட்டோரம் மீன் விற்கிறவள் அல்லவா?

பேரன் சூர்யாவுக்கு நாலு வயது. மூளை முடக்குவாதம், கழுத்து நிற்காது, முதுகு நிற்காது. இவள் என்ன செய்தாள் தெரியுமா? மீன் வருகிற பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்து, உள்ளே பழைய புடவைகளைத் திணித்து, அவனை உட்கார வைத்து, மார்போடு சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டாள். பிள்ளை ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வியாபாரத்தில் இருப்பான்.

தாம்பரத்தில் மருத்துவ முகாம் என்றார்கள். கடும் பாதிப்பு என்று டாக்டர் எழுதினால், மாதாமாதம் அரசாங்க உதவித்தொகை வரும். வந்தால் கை கால் பயிற்சிக்கு ஆட்டோவில் கூட்டிப் போகலாம்; வெயிலில் பெட்டியில் வைத்திருக்க வேண்டாம். எனக்கு விடிந்ததிலிருந்தே கால் தரையில் நிற்கவில்லை. அவளோ பிள்ளைக்குப் புதுச் சட்டை, பவுடர், கண்மை எல்லாம் போட்டு, பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே எட்டிப் பார்த்தார். "அட, நல்லா உக்கார்றானே!"

"ஆமா சார்! ராஜா கணக்கா குந்துவான்," என்று இவள் பூரித்துப்போனாள்.

டாக்டரின் பேனா காகிதத்துக்கு இறங்கியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இரு சாமி, எழுதாத! அடியே, துண்ட அவுத்து வுடுடி!"

"சும்மா இரு அத்த. இம்மாம் பேரு எதிர்ல என் புள்ள மானத்த வாங்காத."

"மாப்ள பாக்கவா வந்துகீறாங்க, மை தீட்டி கூட்டியாந்துகீற? உள்ளது டாக்டருக்குத் தெரிய வேணாம்? அவுத்துடுடி!"

வரிசையில் சிரித்தார்கள். ஷர்மிளா சிரிக்கவில்லை. என்னை முறைத்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அவளே முடிச்சை அவிழ்த்தாள். சூர்யா அப்படியே முன்னால் சரிந்தான். விழுமுன் அவள் கை தாங்கிக்கொண்டது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"தானா திரும்பிப் படுப்பானா?"

"மாட்டான் சார்."

"மென்னு சாப்பிடுவானா?"

"முடியாது சார். கரைச்சு ஊட்டுவேன்."

முடியாது என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டதற்கெல்லாம் ஒவ்வொன்றாய்த் தெளிவாகச் சொன்னாள்.

"கடும் பாதிப்புன்னு எழுதிட்டேம்மா," என்றார் டாக்டர்.

"சிரிப்பான்னும் எழுது சார்."

"அதுக்கு இதுல எடம் இல்லம்மா."

"ஓரமா எழுது சாமி," என்றேன். நான் விடுவேனா? அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

போன வாரம் இவள் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் கூவியது. பார்த்தவள் குதித்தே விட்டாள். "அத்த! வந்துட்ச்சு! மொத தபா பணம் வந்துட்ச்சு!" கையைக்கூடக் கழுவவில்லை. பிள்ளையை வாரித் தோளில் போட்டாள், பயிற்சிக்குப் போக எதிரே வந்த ஆட்டோவை மறித்தாள்.

மீன் வாங்க நின்றவர் பதறினார். "எம்மா, என் மீனு?"

"எங்க அத்த வெட்டும், குந்து!"

ஆட்டோ போயே போய்விட்டது.