முதல் தரம் என்று எழுதினேன்

செல்வியின் வீட்டைப் பாழாக்கியது நான்தான். உளியையும் சுத்தியலையும் அவளும் அவள் கணவரும்தான் பிடித்தார்கள். பிடிக்க வைத்தவள் நான்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். என்னை நீங்கள் நேரில் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் சொல்கிறேனோ என்னவோ…

என் வேலை இதுதான். அரசு தன் ஊழியர்களுக்குக் கொடுத்திருக்கும் குடியிருப்புகளுக்குப் போவேன். சுவர், தரை, கூரை, தண்ணீர் வசதி எல்லாம் பார்த்து, வீடு முதல் தரமா, இரண்டாம் தரமா, மூன்றாம் தரமா என்று எழுதுவேன். அதை வைத்துத்தான் குடியிருப்பவரின் சம்பளத்தில் வாடகை பிடிப்பார்கள்; தரம் ஏறினால் வாடகையும் ஏறும். குடியிருப்பவர் தம் கைக்காசைப் போட்டுச் செய்துகொண்ட எதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அரசு கொடுத்தது எதுவோ, அதற்கு மட்டுமே வாடகை.

அந்த விதி எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்.

செஞ்சியில் அந்தக் குடியிருப்பு ராஜகிரி மலையைப் பார்த்தபடி இருக்கிறது. மதியத்தில் பாறைகளின் அனல் அப்படியே வீடுகளின் மேல் இறங்கும். எல்லாம் ஒரே அச்சில் கட்டிய பழைய வீடுகள். காறை உதிர்ந்த சுவர், வெடித்த சிமெண்டுத் தரை. ஒவ்வொன்றாகப் பார்த்து, மூன்றாம் தரம் என்று எழுதிக்கொண்டே கடைசி வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் மல்லிகைப் பந்தல் போட்டிருந்தார்கள். அதன் கீழே நின்றதும் வெயில் விலகியது.

"வாங்க மேடம். செருப்போடவே வாங்க, பரவால்ல" என்றாள் செல்வி. அவள் கணவர் தணிகாசலம் ஓர் அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டுகிறவர். அன்று அவரும் வீட்டில் இருந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் பவானியும் இருந்தாள்.

உள்ளே தரை முழுக்க வெளிர்பச்சை டைல்ஸ். சமையலறையில் கடப்பைக்கல் மேடை. குளியலறையில் புதுக்குழாய். பின்கட்டில் கற்பலகை பாவிய துவைக்கிற இடம்.

"எல்லாம் நாங்க போட்டது மேடம். குடிவந்தப்ப தேளும் பூரானும்தான் இருந்துச்சு. லீவு நாளானா ரெண்டு பேரும் சிமெண்ட் கொழச்சிட்டு ஒக்காந்துடுவோம். சண்டையும் போட்டுப்போம், வேலையும் பாப்போம்."

"நைனாவுக்கு மட்டம் பாக்கவே தெரியாது மேடம். அந்த மூலைய பாருங்க, எப்டி கோணலா இருக்குது" என்றாள் பவானி.

"நீ புடிச்ச நூலுதானே கோணிச்சு?" என்றார் தணிகாசலம். மூவரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குள் ஏதோ கசந்தது.

அப்போது கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் தனியாக இருந்தேன். என் கணவருக்குச் சென்னையில் வேலை. எப்போதாவது வருவார். வந்தால் தொலைக்காட்சியைப் பார்த்தபடி சாப்பிடுவோம், பேசிக்கொள்ள மாட்டோம். சன்னலுக்கு ஒரு திரை வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. யாருக்காக வாங்குவது?

ஓட்டுநரின் மனைவியைப் பார்த்து, படித்து உத்தியோகம் பார்க்கும் நான் பொறாமைப்பட்டேன். அன்று அதற்கு அந்தப் பெயரை வைக்கவில்லை. கண்ணால் கண்டதைத்தானே எழுதுகிறோம் என்று சொல்லிக்கொண்டேன். செல்வி கொடுத்த மோரைக் குடித்தேன். வெளியே வந்து, பந்தல் நிழலிலேயே நின்று, முதல் தரம் என்று எழுதினேன்.

தயங்கினேனா என்று கேட்கிறீர்களா? இல்லை… தயங்கவே இல்லை.

சில மாதங்கள் கழித்துத் தணிகாசலம் என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"இன்னா மேடம், எங்க வூட்டுக்கு மட்டும் இவ்ளோ வாடக புடிச்சிருக்காங்க? பக்கத்து வூட்லல்லாம் சிரிக்கிறாங்க. யாரு உங்கள டைல்ஸ் போடச் சொன்னதுன்னு கேக்குறாங்க. பொண்ணு வேற படிக்குது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தவறு நேர்ந்துவிட்டது, திருத்திவிடுகிறேன் என்று இரண்டு வார்த்தை. மேலதிகாரி கடிந்துகொள்வார், அவ்வளவுதான். வேலை ஒன்றும் போயிருக்காது.

"மேல எடுத்த முடிவுங்க அது. மறுபடி வந்து பாக்கச் சொல்லி மனு குடுங்க, பாக்கலாம்" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மனு வந்தது. மறுபடியும் நானே போனேன். வாடகையைச் சரிசெய்துவிட வேண்டும் என்று உண்மையாகவே நினைத்துத்தான் போனேன். நம்புங்கள்… அல்லது நம்பாதீர்கள்.

பந்தல் இருந்த இடத்தில் இரண்டு குழிகள் இருந்தன. மல்லிகைக் கொடியை அடியோடு வெட்டியிருந்தார்கள். உள்ளே போனேன். டைல்ஸ் முழுவதையும் பெயர்த்திருந்தார்கள். பசையின் தடம் மட்டும் தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. கடப்பைக்கல் மேடை இல்லை. அடுப்பைத் தரையில் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள் செல்வி. அவள் விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"இப்ப பாத்துக்கோங்க மேடம். எல்லார் வூடு மாதிரியே ஆயிடுச்சு. இனிமே கொறப்பாங்கல்ல?"

நான் குனிந்து பசைத் தடத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"பெருசா ஒண்ணும் ஒடையல. நல்லதா இருந்தத டைல்ஸ் கடைக்காரருக்கே குடுத்துட்டோம்" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. பவானி பின்கட்டில் முதுகைக் காட்டியபடி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவே இல்லை.

இதில் எதையுமே பெயர்த்திருக்க வேண்டாம் அம்மா, இதற்கெல்லாம் வாடகை போட்டதே விதிக்கு விரோதம், போட்டவள் நான்… இதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"சரிம்மா, கொறச்சிடலாம்" என்ற சொற்கள்தான் வெளியே வந்தன.

செல்வி என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். துணி சுற்றிய விரல்கள் என் உள்ளங்கையில் உரசின. "உங்களாலதான் மேடம்" என்றாள்.

ஆமாம். என்னால்தான்.

வாடகை குறைந்தது. கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பியும் கொடுத்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் பிறகு ஒரு செங்கல்லைக்கூடச் சேர்க்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். குழிகள் தூர்ந்து, வாசல் வெயிலில் மொட்டையாகக் கிடக்கும்.

போன வைகாசியில் பவானிக்குக் கல்யாணம். செல்வி தேடி வந்து பத்திரிகை வைத்தாள். போகாமல் இருந்திருக்க வேண்டும். போனேன். திண்டிவனம் சாலையில் ஒரு மண்டபம். முதல் வரிசையில் என்னை உட்காரவைத்து, சம்பந்தி வீட்டாரிடம், "இவங்கதான் எங்க மேடம். கஷ்டத்துல கைகுடுத்தவங்க" என்றாள். நான் புன்னகைத்தேன். சாப்பிட்டேன்.

விடைபெறும்போது மணப்பெண்ணை என்னிடம் அழைத்து வந்தாள்.

"மாப்ளைக்கும் கவருமெண்ட்டு வேலதான் மேடம். குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்களாம். போற எடத்துல ஒரு செடிகூட நடாத, எதையும் அழகுபடுத்தாத, குடுத்தது குடுத்தபடி இருக்கட்டும்னு இவகிட்ட சொல்லிட்டே இருக்கேன். நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

பவானி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மாலை, நெற்றியில் வியர்வை. அந்தக் கண்களுக்கு எல்லாம் தெரிந்திருந்ததா? எதுவும் தெரியாதா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"அம்மா சொல்றதக் கேளும்மா" என்றேன்.