மூன்று உச்சிக்குச் சாம்பிராணி

நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரைதான். ஆனால் மலை ஏறுவதில் கோலா கிளாவாங் ரப்பர் தோட்டங்களில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வெள்ளைக்காரப் பட்டாளம் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடிச் சுட்ட அவசரகாலத்தில் என் மனைவி பிரசவக் காய்ச்சலில் கிடந்தாள். அவள் பிழைக்க வேண்டுமென்று, தோட்டத்துக்கு மேலிருந்த மூன்று மலையுச்சியிலும் முனியாண்டிக்குச் சாம்பிராணி போடக் கிளம்பினேன். அவளுடைய அண்ணனும் வந்தார்.

பாறை முகட்டில் கையூன்றித் தவழ்ந்து இரண்டு உச்சியை முடித்தோம். மூன்றாவதில், எதிர்மலையில் பட்டாள முகாமைப் பார்த்து அவர் தயங்கினார்.

“வேணாம் மச்சான். பொகையப் பாத்தா பட்டாளத்துக்காரன் நம்மளக் கம்யூனிஸ்டுன்னு சுடுவான் லா.”

“பயந்தவரு எதுக்கு ஏறி வந்தீங்க?” என்று சிரித்தேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கையிலிருந்த தணல் சட்டியைப் பிடுங்கி, அவரே சாம்பிராணியைப் போட்டார். எதிர்மலையிலிருந்து சுட்டார்கள். அங்கேயே அவர் உயிர் போய்விட்டது.

அவரைத் தோளில் போட்டு அதே முகட்டு வழியே தனியாளாக இறக்கினேன். வேறு எவனாலும் முடிந்திருக்காது. தோட்டத்து வேலிக் கேட்டில் காவலர்கள் உடலை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டம்மா கொடுத்த கஞ்சியில் பாதியை மூடி வைத்திருந்தாள்.

“அண்ணனுக்குங்க. வரச் சொல்லுங்க,” என்றாள்.

சரியென்று தலையாட்டினேன்.