அப்பாவுக்குக் கேட்ட இரண்டு செல்லோக்கள்

எங்கள் வீட்டின் முன்பாதியில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. எங்கள் தெரு முழுக்க அப்படித்தான். தறி ஓடும்போது யார் பேசுவதும் காதில் விழாது. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். தறி நின்ற பிறகும் கத்தித்தான் பேசுவோம். கல்லூரி விடுதியில் சேர்ந்த புதிதில், "ஏன் சண்டைக்கு வர்ற?" என்று அறைத்தோழி கேட்டாள். நான் அவளிடம் உப்புதான் கேட்டிருந்தேன்.

அதன்பின் தாழ்ந்த குரலில் பேசப் பழகினேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டத்தைப் போலவே அந்தக் குரலும் நான் உழைத்துப் பெற்றது. இரண்டிலும் எனக்குப் பெருமை உண்டு.

விடுதியின் அமைதியில் எனக்குத் தூக்கம் வராது. காதருகே ஏதாவது ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று போனில் தேடியபோது அந்த இசை கிடைத்தது. இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, கனத்த குரலுள்ள பெரிய செல்லோ இரண்டு. எழுதியவர் பிரெஞ்சுக்காரர்; தன் காலத்தில் பேர் வாங்கியவர், பின்னால் மறக்கப்பட்டவர். வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பட்டு அவருக்கு ஒரு காது கெட்டுப்போனதாம். வலி, காய்ச்சலின் பிதற்றல், மெல்லத் தேறுவது, குணமாவது என்று எல்லாவற்றையும் அந்த ஐந்து வாத்தியங்களுக்கு எழுதி வைத்திருக்கிறார்.

படிப்பு முடிந்து சென்னையில் வேலை கிடைத்தது. இனி அப்பாவோடு போனில்தான் பேச்சு. அதுதான் என் பயம். கொஞ்ச காலமாகவே எதைச் சொன்னாலும் அவர் "சரி சரி" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கு என்ன, நல்லாத்தான் கேக்கு" என்பார்.

கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு, பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். தெருவே ஓய்ந்து கிடந்தது. தறியோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பாவின் தலையில் என் ஹெட்போனை மாட்டினேன்.

"என்னட்டி, பாட்டையே காணும்?"

அவர் முகத்துக்கு எதிரே குனிந்து, "பாட்டு கிடையாதுப்பா. அஞ்சு பேரு வாசிக்காங்க" என்றேன். குண்டு பட்ட கதையையும் சொன்னேன்.

கண்ணை மூடிக் கேட்டார். "ரெண்டு பேருல்லா வாசிக்கான்? கனத்த சத்தமா, நல்லாத்தான் இருக்கு. மத்த மூணு பேரும் சும்மா உக்காந்திருக்கானுவ போல. சம்பளத்தப் பிடிக்கச் சொல்லு."

பக்கத்தில் இருந்த அம்மா சிரித்தாள். நான் ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கி என் காதை வைத்தேன். முதல் வயலின் உச்ச ஸ்தாயியில் நின்று பாடிக்கொண்டிருந்தது.

"அந்த மனுசனுக்குக் காது திரும்பி வந்துட்டா?"

"கடைசிப் பகுதியில குணமாயிருதாருப்பா."

"காது?"

"அது வரல."

"பெறவு என்னத்தக் குணமாச்சு" என்றார். ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்தார். "நீ காலேஜுக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து என்ன சொல்லுதன்னே பாதி தெரியல. படிச்ச பிள்ள, மெதுவாத்தான் பேசும்னு இருந்துட்டேன்."

அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. அப்பா தறிக்கு எழுந்து போனார்.

திருநெல்வேலி டாக்டர், உச்ச ஸ்தாயி ஒலிகள் கேட்பது போய்விட்டது, இனித் திரும்பாது என்றார். காதில் வைக்க மிஷின் வாங்கினோம். தறிச் சத்தத்தில் மண்டையைப் பிளக்கிறது என்று அப்பா அதை அன்றைக்கே கழற்றிவிட்டார்.

நான் சென்னைக்குக் கிளம்பிய சாயங்காலம் ரயிலடிக்கு வந்தார். வண்டி அசைந்தது. பெட்டி வாசலில் நின்று, "போய்ட்டு வாரேம்ப்பா, மிஷினைப் போட்டுக்கோங்க" என்று சொல்ல வந்தேன். குரல் எழவில்லை. உதடுதான் அசைந்தது.

"சரி மக்கா, போட்டுக்கிடுதேன்! நீ நேரத்துக்குச் சாப்பிடு!" என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் அப்பா. நான் குரலெடுத்துச் சொன்னதாகவே அவர் நினைத்திருந்தார்.