மணிக்கட்டைப் பிடித்து இழுப்பவர்கள்

கொரியாவில் எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்து டி.வி.யில் தினமும் ஒருவன் ஒருத்தியின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போகிறான். அவள் வரமாட்டேன் என்கிறாள். பின்னணியில் பாட்டு ஒலிக்கிறது. இதற்குப் பெயர் காதலாம். அந்த நாடகங்களில் மற்ற கூத்தையெல்லாம் சிரித்தே கடந்துவிடுவேன். பணக்கார அம்மா ஏழைப் பெண்ணின் முகத்தில் தண்ணீரை வீசாத வாரம் கிடையாது. கதை நகராவிட்டால் ஒரு லாரி வந்து யாரையாவது அடிக்கும். அடிபட்டவனுக்கு எல்லாம் மறந்துபோகும். மணிக்கட்டு வந்தால் மட்டும் குனிந்து சோற்றைப் பார்ப்பேன்.

சமையல் செய்யும் அஜும்மா அதைக் கவனித்துவிட்டார். நம் ஊரில் அக்கா, அத்தை என்பதுபோல நாங்கள் அவரை அஜும்மா என்போம். "உங்கள் ஊரில் இப்படி இழுக்க மாட்டார்களா?" என்று கேட்டார். "நானே இழுத்திருக்கிறேன்" என்றேன், அரைகுறைக் கொரிய மொழியில். காதலியை என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தவர், என் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைத்தார். தங்கை என்பதற்குக் கொரிய வார்த்தை எனக்குத் தெரியும். சொல்லாமல் முட்டையைத் தின்றேன்.

நான் கொரியா வருவதற்கு முன், மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில், கம்ப்யூட்டர் வகுப்பில் கூடப் படித்தவனோடு என் தங்கை மல்லிகா பேசிக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான் அவள் செய்தது. மணிக்கட்டைப் பிடித்து உசிலம்பட்டி பஸ் வரைக்கும் இழுத்தேன். "விடுண்ணே, நானே வாரேன்" என்றாள். விடவில்லை. இரண்டு கண்ணாடி வளையல்கள் நொறுங்கின. "அண்ணன்காரன் போல" என்று சொல்லி, கூட்டம் வழிவிட்டது. அதோடு அவள் படிப்பு நின்றது. மூன்றே மாதத்தில் எழுமலையில் கட்டிக்கொடுத்தோம். எனக்கு மறதி தர எந்த லாரியும் வரவில்லை.

போன மாதம் போன் போட்டபோது மல்லிகாவே எடுத்தாள்.

"பிள்ளைக்குக் காதுகுத்து வச்சிருக்கோம்ணே."

"லீவு சொல்லிட்டு வாரேன் தாயி. தாய்மாமன் மடியிலதான உக்கார வைக்கணும்?"



"குத்துறப்ப பிள்ளை திமிறுவாண்ணே. கைய இறுக்கிப் பிடிக்கணும். நீ பிடிக்க வேணாம். அவன் சித்தப்பன் மடியிலயே வச்சுக்கிறோம்."

"சரி தாயி" என்றேன்.

காதுகுத்து அன்று, எழுமலையில் காலை ஒன்பது மணி ஆகும்போது, இங்கே மதியச் சாப்பாடு. இங்கேயும் தரையில் சம்மணம் போட்டுத்தான் உட்காருகிறோம். டி.வி.யில் ஒருத்தி கையை உதறிக்கொண்டிருந்தாள். அஜும்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. என் கை இரண்டும் மடியிலேயே கிடந்தன.